மாப்ளே, முதல்ல பட்டியல் போடு!

இன்னா மாப்ளே, வாரா வாரம் எலுமிச்சம்பழத்தோட நம்ம மாங்காடு காமாட்சியம்மன் கோயிலுக்குப் போறியாமே? பொண்ணுக்கு வரன் அமையணும்னா? அவதான் கூட வேலை செய்யற பையனைக் காட்டிட்டாளே! அப்போ உன் வேண்டுதல் வரனுக்கு இல்ல, சாதிக்கு. சரி, விடாதே. ஆனா எதையும் அரைகுறையா செய்யக் கூடாது. செஞ்சு காட்டின பெரியவங்க கதை ஒண்ணு சொல்றேன், கேளு.

ரெண்டாயிரத்து நானூறு வருசத்துக்கு முன்னால, பாபிலோன்ல சிறையிருந்து எருசலேமுக்குத் திரும்பின யூத ஜனம். எஸ்றான்னு ஒரு வேதபாரகர் வந்து பார்த்தார். ஆசாரியன் வூட்டுப் பிள்ளைங்களே அக்கம்பக்கத்து ஜனத்துல பொண்ணு கட்டியிருக்கு! மனுசன் தலைமயிரையும் தாடியையும் பிச்சிக்கினு உக்காந்துட்டார். அடைமழையில ஊரே கோயில் எதிர்க்க நடுங்கிக்கினு நின்னுது. வேத்து ஜனத்துப் பொண்டாட்டிங்களையும் அவங்க பெத்த பிள்ளைங்களையும் அனுப்பிடணும்னு முடிவாச்சு. மூணு மாசம் விசாரணை நடந்து, நூறு பேருக்கு மேல பட்டியல்ல ஏறினாங்க. அப்புறம் வந்தார் நெகேமியா. பிள்ளைங்க அஸ்தோத் பாஷை பேசுதுன்னு அப்பன்மாரை அடிச்சு மயிரைப் பிடுங்கினார். முன்னவர் தன் மயிரு, பின்னவர் ஊரான் மயிரு. சீர்திருத்தம் முத்தினா கை அப்படித்தான் நீளும். உன் தலையில பிடுங்க ஒண்ணும் இல்ல, அது வேற சங்கடம்.

அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. கையளவு ஜனம், பாரசீக ராஜா ஆட்சி, கரைஞ்சு போயிடுவோமோன்னு பயம். உன்னை யாரு மாங்காட்டை விட்டுத் துரத்தினது? அதே வேதத்துல ரூத்துன்னு மோவாப் தேசத்து மருமக ஒருத்தி இருக்கா. அவ கொள்ளுப்பேரன்தான் தாவீது ராஜா!

நம்ம பக்கம் கதை தலைகீழ். ஐயர் இல்லாத சுயமரியாதைக் கல்யாணம் செல்லாதுன்னு 1953-ல ஹைகோர்ட்டு சொல்லிடுச்சு. 1967-ல அண்ணா ஆட்சியில சட்டம் வந்தது. சொந்தபந்தம் முன்னால மாலை மாத்தினாலும் செல்லும், மோதிரம் போட்டாலும் செல்லும், தாலி கட்டினாலும் செல்லும். முன்னாடி நடந்ததும் செல்லும்னுட்டாங்க. எஸ்றா பிள்ளைகுட்டியை வெளியே அனுப்பினார். இந்தச் சட்டம் வெளியே நின்ன பிள்ளைங்களை உள்ளே இட்டாந்துச்சு.

அது கிடக்கட்டும், நீ யார்கிட்ட மனு போடறேன்னு யோசிச்சியா? அந்தக் காமாட்சி ஆத்தா நெருப்பு நடுவுல ஒத்தக்கால்ல தவம் நின்னதே மனசுக்குப் பிடிச்சவரைக் கட்டத்தான். மாப்பிள்ளையோ சுடுகாட்டுல ஆடற ஆளு, அப்பன் ஆத்தா பேரே இல்ல. அண்ணன் பெருமாள் கோத்திரமா கேட்டார்? சீரோட வந்து நின்னார்.

இல்ல, எஸ்றா வழிதான்னா தாராளமா விசாரணையை ஆரம்பி. பட்டியல்ல முதல் பேரு உங்க தாத்தாதுதான். கோலார்ல சுரங்க வேலைக்குப் போனவர் யாரை இட்டுனு வந்தார்னு ஊர்ல எனக்கு மட்டும்தான் தெரியும். இத்தினி வருசம் வாயைத் திறக்கல. ஆனா வயசாவுது பாரு, கல்யாணச் சாப்பாட்டுல வாயை அடைச்சாத்தான் சும்மா இருக்கும்.