சட்டம் தெரிந்த அப்பா

இவரை நீங்கள் டீக்கடையில் பார்த்திருப்பீர்கள். கையில் கிளாஸ், வாயில் கல்வி உரிமைச் சட்டம். "2009ல போட்ட சட்டம் சார். 13ஆம் பிரிவு. நன்கொடை வாங்கக் கூடாது. பிள்ளையையோ பெத்தவங்களையோ உக்காரவெச்சுக் கேள்வி கேக்கக் கூடாது. கேட்டா கேஸ் போடலாம்!" என்று முழங்கிவிட்டு அவசரமாகக் கிளம்புவார். சாயங்காலம் மகளுக்கு எல்கேஜி இன்டர்வியூ. 'மை ஃபாதர்ஸ் நேம் இஸ்' என்று குழந்தை முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். ஃபாதரும் கண்ணாடி முன் நின்று தன் பெயரை இங்கிலீஷில் சொல்லிப் பார்த்துக்கொள்வார்.

அதே சட்டத்தில் தனியார் பள்ளிகள் ஒதுக்க வேண்டிய 25 சதவீத இடத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. வீட்டிலிருந்து பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பதை பைக் மீட்டரில் அளந்தாயிற்று. ஆண்டு வருமானம் 2 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்ற இடத்தில்தான் வண்டி நின்றது. தாலுகா ஆபீஸில் ஏழையாக அவருக்குச் சம்மதமே. ஆனால் மச்சினி கல்யாண ஆல்பத்தில் கோட்டு சூட்டோடு நிற்பதை என்ன செய்வது?

இந்த ஜாதி மனிதர் உச்சத்தைத் தொட்ட வருஷம் 2020. கம்பெனியில் பாதிச் சம்பளம். ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், தனியார் பள்ளிகள் 75 சதவீதக் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம், முதலில் 40, பள்ளி திறந்த பிறகு 35 என்றது. நம்மவர் அந்த உத்தரவைப் பிரின்ட் எடுத்தார், மஞ்சள் மையில் கோடிட்டார், ஃபைலில் போட்டார், மாஸ்க் மாட்டிக்கொண்டு கரஸ்பாண்டென்ட் அறைக்குள் நுழைந்தார்.

"சொல்லுங்க சார்."

"ஒண்ணுமில்ல மேடம். ஆன்லைன் கிளாஸ் ரொம்ப நல்லாப் போகுது மேடம்."

"ஃபீஸ் பெண்டிங்னு இருக்கே?"

"அதான் மேடம், முழுசாவே கட்டிடலாமேன்னு கேக்க வந்தேன்."

ஃபைல் மடியில் குப்புறக் கிடந்தது.

பயந்தாங்கொள்ளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை அவர்கள் கையில் இருக்கிறது. ஒரு நாள் காலை வகுப்புக்கான லிங்க் வராமல் போனால் போதும். மறுபடி கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பு வாங்கிவருவதற்குள் குழந்தை வயதுக்கு வந்துவிடும். பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியை அவர் குறை சொல்வதும் இல்லை. அடுத்த வீட்டுப் பையனுக்கு அதைத்தான் சிபாரிசு செய்வார். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு வந்ததும், ஆறாம் வகுப்பிலிருந்து அங்கே படித்தால்தான் கணக்கு என்பதையும் விசாரித்து வைத்துக்கொண்டார். "ஆறாவதுக்கு மாத்திடுவேன் சார்!" அதுவரைக்கும்?

அதுவரைக்கும் வங்கி இருக்கிறது. நகையின் மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கிகள் கடன் தரலாம் என்று ரிசர்வ் வங்கி அந்த ஆகஸ்டில்தான் அனுமதித்திருந்தது. தனக்குக் கிடைத்த உரிமைகளில் இது ஒன்றைத்தான் அவர் முழுசாக அனுபவித்தார்.

கவுன்டரில் நகை பார்ப்பவர் மனைவியின் செயினை உரசக்கூட இல்லை.

"நம்ம எல்கேஜி செயின்தானே சார்? பாப்பா யூகேஜி போயாச்சா?"

"போயாச்சு சார். மார்ச்ல மீட்டுடுவேன். ஏப்ரல்ல ஒண்ணாங்கிளாஸுக்கு வெக்கணும்."