என்னிடம் கேட்கும் கெர்னல்

எங்கள் வீட்டில் என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. அம்பத்தூர் ஓ.டி.யில் இந்த வீட்டைப் பார்த்து முடித்தது மைத்துனர். சுவருக்கு நிறம் சொன்னது மகள். ராத்திரி இட்லியா தோசையா என்பதை மாவின் புளிப்பு தீர்மானிக்கிறது. ரிட்டயரான பிறகு, லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலை நானே கட்டிப் பார்க்க உட்கார்ந்ததற்கு இதுதான் காரணம். 'மேக் மெனுகான்ஃபிக்' என்று தட்டினால் நீலத் திரை விரிந்து, ஆயிரக்கணக்கான கேள்விகளை என்னிடமே கேட்கிறது!

கையிலிருப்பது, அண்ணன் மகனுக்கு அரசுப் பள்ளியில் கிடைத்த விலையில்லா லேப்டாப். விண்டோஸோடு, சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸை வைத்து 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. பையன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வேலைக்குப் போய்ப் புதுசு வாங்கியதும், பழசு சித்தப்பாவிடம் வந்து சேர்ந்தது.

கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிடு, தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ள மாட்யூலாக ஒதுக்கி வை, வேண்டவே வேண்டாம்: பெரும்பாலான கேள்விகளுக்கு இந்த மூன்றில் ஒரு பதில். ஹாம் ரேடியோ உண்டா? ஃபிளாப்பி? டைமர் நொடிக்கு 100 தடவை துடிக்கட்டுமா, 1000 தடவையா? என் வேகத்துக்கு நூறே தாராளம். எந்த பிராசசர் என்று தேடும்போது ஒன்று தெரியவந்தது. 1991இல் ஹெல்சிங்கியில் லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் எந்த 386 சிப்பில் இதை ஆரம்பித்தாரோ, அதற்கான ஆதரவையே 2012இல் வெட்டி எறிந்துவிட்டார்களாம். பென்ஷன்காரனுக்கு வயிற்றைக் கலக்கியது.

ஹெல்ப் பகுதியில் பல விளக்கங்கள் ஒரே மாதிரி முடிகின்றன: புரியாவிட்டால் 'வேண்டாம்' போடு. இப்படி ஒரு வரியை மனைத் தரகர்கள் நோட்டீஸில் அச்சடித்திருந்தால், திருநின்றவூரில் ஆறு மாதம் தண்ணீருக்கடியில் கிடக்கும் நிலம் என் பெயரில் இருந்திருக்காது.

'பிரீஎம்ப்ஷன்' என்று ஒன்று. ஒரு வேலை பாதியில் இருக்கும்போதே, அதை விட்டுவிட்டு அவசர வேலையைப் பார் என்று கெர்னலை இழுக்கலாமா என்று கேட்கிறது. கல்யாணமான நாளிலிருந்து என்னில் அது ஆனில்தான் இருக்கிறது.

எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல ஆயுசு போதாது. அதற்காகவே 'லோக்கல்மாட்கான்ஃபிக்' என்றொரு குறுக்குவழி. அந்த நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். பென் டிரைவ் சொருகாமல் இருந்தால், பென் டிரைவ் என்ற ஒன்றே உலகத்தில் இல்லை என்று முடிவு கட்டிவிடும். எதற்கு வம்பென்று மவுஸ், பென் டிரைவ், வெப்கேம், மகளின் ஹெட்போன் எல்லாவற்றையும் மாட்டினேன்.

"ஐசியுவில படுத்திருக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள் மனைவி.

ராத்திரி முழுக்க கம்பைல் ஓடியது. லேப்டாப்பின் விசிறிச் சத்தத்தில், பட்டாபிராம் லோக்கல் போனதே காதில் விழவில்லை. விடிந்ததும் ரீபூட். எந்த கெர்னல் ஓடுகிறது என்று பார்க்க 'யுனேம் -ஆர்' அடித்தால், வெர்ஷன் எண்ணின் வாலில் 'அம்பத்தூர்' என்று வந்து நின்றது. அங்கே நமக்குப் பிடித்த பெயரை ஒட்டிக்கொள்ளவும் ஒரு கேள்வி இருக்கிறது. யோசிக்காமல் நான் பதில் சொன்னது அது ஒன்றுக்குத்தான்.

"இதுக்கு முன்னாடி இருந்ததுல என்ன வேலை செய்யலங்க?"

"எல்லாம் செஞ்சுது."

"இப்போ?"

"இப்பவும் எல்லாம் செய்யுது. ஒன்பது பத்து வாரத்துல அடுத்த வெர்ஷன் வந்துடும். அப்போ புதுக் கேள்விகளை மட்டும் கேட்கும்."

"அதுவரைக்கும் சும்மாதானே இருப்பீங்க? கோதுமை டப்பாவுல இருக்கு, மில்லுல குடுத்து அரைச்சிட்டு வந்துடுங்க."