நாற்பத்தொரு நாள் நல்லவர்கள்

ராயகிரியில் நான் வளர்ந்த காலத்தில் ஜனவரி 1 என்பது காலண்டர் வாங்கும் நாள். ஜவுளிக்கடையில் முருகன் படம் போட்டது, நகைக்கடையில் லட்சுமி படம் போட்டது. எந்த வீட்டுக்கு எந்தக் கடையில் எவ்வளவு வரவு செலவு என்பதைச் சுவரில் தொங்கும் காலண்டரின் அகலத்தை வைத்தே சொல்லிவிடலாம். மற்றபடி அன்றைக்கு யாரும் எந்தச் சபதமும் எடுத்து நான் பார்த்ததில்லை. நேரம் ஏது? மார்கழி பாதி. பிசான நெல் வயலில் பச்சையாக நிற்கும். தண்ணீர் முறை வந்தால் ராத்திரியில் மண்வெட்டியோடு போக வேண்டும். சம்சாரிக்கு வருஷம் பிறந்தது சித்திரை முதல் நாள் பொன்னேர் பூட்டும்போதுதான். பின்னாளில் தைதான் புத்தாண்டு என்று 2008இல் ஒரு சட்டம் வந்தது, இல்லை சித்திரைதான் என்று 2011இல் இன்னொன்று வந்தது. எங்கள் ஊர் மாடுகள் கட்சி மாறவில்லை.

கிறிஸ்தவ வீடுகளில் மட்டும் அந்த ராத்திரிக்கு மதிப்பு இருந்தது. நடுச்சாமத்தில் கோயிலுக்குப் போய் வாக்குத்தத்த அட்டை வாங்கி வருவார்கள். வருஷம் முழுக்க அதுதான் கண்ணாடி ஓரத்தில் செருகியிருக்கும். யோசித்துப் பார்த்தால் எவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு! புது வருஷத்தில் வாக்குக் கொடுப்பவர் ஆண்டவர். காப்பாற்ற வேண்டியதும் அவர் பொறுப்பு.

இப்போது எல்லாரும் அவரவரே வாக்குக் கொடுத்துக்கொள்கிறார்கள். டிசம்பர் 31 ராத்திரி கேக் வெட்டின கையோடு எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் குறிக்கோள்கள் வரிசை கட்டும். தினமும் வாக்கிங், சர்க்கரை கிடையாது, மாதம் இரண்டு புத்தகம், தொப்பை குறைப்பு. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஒருபடி மேலே போய் எக்செல்லில் கட்டம் போட்டு அனுப்புவான். “குறிக்கோள்னா குறிப்பா இருக்கணும் மாமா, அளக்க முடியணும், கெடு இருக்கணும். 1981லேயே ஜார்ஜ் டோரன்னு ஒருத்தர் எழுதி வச்சுட்டார்” என்பான்.

டோரன் எழுதுவதற்கு முன்பே எங்கள் ஆச்சி அதைச் செய்து முடித்திருந்தாள். சின்ன மாமாவுக்கு உத்தியோகம் ஆக வேண்டும் என்று சங்கரன்கோவில் கோமதியம்மனிடம் ஆடிச்சுற்று நேர்ந்துகொண்டாள். அம்மனும் லேசுப்பட்டவள் இல்லை. சிவனும் திருமாலும் ஒரே உருவில் காட்சி தர வேண்டும் என்று குறி வைத்து, ஒற்றைக்காலில் தபசு நின்று சாதித்தவள். ஆடித்தபசுக்குக் கொடியேறியதும் ஆச்சி பஸ் ஏறிவிடுவாள். முந்தானையில் ஒரு பக்கம் புளியமுத்து முடிந்திருக்கும். ஒரு சுற்று முடிந்தால் ஒரு முத்து மறுபக்கத்து முடிச்சுக்குப் போகும். எல்லா முத்தும் இடம் மாறினால் கணக்குத் தீர்ந்தது. சார்ஜ் போட வேண்டியதில்லை.

அக்கா மகன் கையில் கட்டியிருக்கும் வாட்ச் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்கிறது. அந்த எண் 1965இல் ஜப்பானில் யமாசா என்ற கம்பெனி விற்ற நடைமானியின் பெயரிலிருந்து வந்தது. விற்பனைக்காக வைத்த பெயர், இன்றைக்கு உலகத்தையே நடக்க வைக்கிறது. என்ன, ஆச்சி நடந்தாள், மாமாவுக்கு வேலை கிடைத்தது. இவனுக்காக நடக்க யாரும் இல்லை, பாவம், இவனேதான் நடக்க வேண்டியிருக்கிறது.

ஊரில் ஆம்பளைகளின் லட்சியம் கார்த்திகை ஒன்றாம் தேதி தொடங்கும். எனக்கு ஒரு பெரியப்பா முறை. சாயங்காலமானால் அவர் தெருவில் வருகிற தோரணையைப் பார்த்தே நாங்கள் திண்ணையைக் காலி செய்வோம். மாலை போட்டுவிட்டால் அதே மனிதர் விடியும் முன்னே பச்சைத் தண்ணீரில் குளித்து, கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாக நின்று, எங்களையே “வாங்க சாமி” என்பார். பெரியம்மா “சாமிக்கு இன்னும் ரெண்டு தோசை வைக்கட்டா?” என்று கேட்பாள். தெருவே அவருக்குக் காவல். பெட்டிக்கடைக்காரர் பீடிக் கட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுவார். பெரியம்மாவின் சிறுவாட்டுப் பானை கனத்தது அந்த ஒரு மண்டலத்தில்தான். மலைக்குப் போய், ஆரியங்காவு, செங்கோட்டை வழியாகத் திரும்பி, குற்றாலத்தில் ஒரு குளியல் போட்டு, மாலையைக் கழற்றினால் முடிந்தது. வேன் புளியங்குடி தாண்டுவதற்குள் பெரியப்பா பழைய பெரியப்பாவாகியிருப்பார்.

ஏன் அப்படி என்பதற்கு லண்டனில் பதில் கிடைத்தது. 2010இல் வெளியான ஃபிலிப்பா லாலி குழுவின் ஆய்வில் 96 பேரைப் பார்த்தார்கள். ஒரு பழக்கம் தானாக நடக்கிற அளவுக்குப் படிய சராசரியாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாளில் படிந்தது, சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். பெரியப்பா 41இல் மாலையைக் கழற்றியவர். இது தெரிந்திருந்தால் பெரியம்மா இரண்டு மண்டலத்துக்கு நேர்ந்துவிட்டிருப்பாள்.

எங்களுக்கு வடக்கே பஸ் தூரத்தில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் இன்னும் சாமர்த்தியசாலி. பாவை நோன்பு முப்பதே நாள். நெய் இல்லை, பால் இல்லை, மை இல்லை, பூ இல்லை. ஆனால் 27ஆம் நாள் கூடாரவல்லிக்கு நெய் மிதக்கும் அக்காரவடிசில் உண்டு. தொடங்கும்போதே முடிவில் சாப்பிடப்போவது என்ன என்று தெரிந்த விரதத்தை யார்தான் விடுவார்கள்?

அன்றைக்கு யாரும் ஆளே மாறப்போவதாகச் சொல்லவில்லை. இத்தனை நாள், இத்தனை சுற்று, இன்ன பலன் என்று சாமியோடு பேரம் பேசினார்கள், கடனைத் தீர்த்தார்கள், பழையபடி இருந்தார்கள். நடக்காவிட்டால் சாமியைத் திட்டலாம். இன்றைக்கு ஜனவரி 1 காலையில் புது ஆளாகவே எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் ஜான் நார்கிராஸ் என்ற உளவியலாளர் இப்படிச் சபதம் எடுத்த 200 பேரைத் தொடர்ந்து கவனித்து 1988இல் எழுதினார். ஒரு வாரம் தாக்குப்பிடித்தவர்கள் 77 சதவீதம், இரண்டு வருஷம் தாண்டியவர்கள் 19 சதவீதம். மிச்சப் பேர் யாரைத் திட்டுவது? தன்னைத்தான். சாட்சிக்குத் தெரு இல்லை, போன் இருக்கிறது. தெருவின் வாயை மூட முடியாது. போனை மியூட்டில் போடலாம்.

ராயகிரி மட்டும் ஒரு சபதமும் எடுக்காமலே மாறியது. 2019 நவம்பர் 22ஆம் தேதி தென்காசி மாவட்டம் உதயமானபோது, ஊர் இருந்த இடத்தை விட்டு அசையாமல் திருநெல்வேலியை விட்டு வெளியே வந்துவிட்டது.

சமீபத்தில் அக்கா மகனும் மாலை போட்டான். கேட்டால் “நாற்பத்தொரு நாள் டிடாக்ஸ் மாமா” என்றான். மண்டல பூஜை டிசம்பர் 26, 27 வாக்கில் முடியும், 31 ராத்திரிக்கு இடையில் நாலு நாள் ஓய்வு என்று எல்லாம் எக்செல்லில் இருந்தது. 66 நாள் கதையை நான் சொன்னபோது அக்கா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்போ மகரவிளக்கு வரைக்கும் மாலையைக் கழட்டாதே.”

அவன் அவசரமாகக் கணக்குப் போட்டான். “அப்பவும் அறுபது நாள்தாம்மா வருது, ஆறு குறையுது.”

“அந்த ஆறு நாளை நான் பாத்துக்கிடுதேன், நீ போடு” என்றாள் அக்கா.