இருபதாம் நம்பர் சீட்டுல நீதிபதியைக் காணோம்

இன்னாம்மா பேத்தி, மூஞ்சி சுண்டிப்போய் கெடக்குது? போன்ல பாத்த டாரோ சீட்டுல "தீர்ப்பு" வந்துடுச்சா? அதுக்குத்தான் ராத்திரி சோறு எறங்கலையா? எங்க காலத்துல சித்தூர் பஸ் ஸ்டாண்டு ஓரத்துல கிளி வந்து சீட்டு எடுத்துச்சி. அதுக்கு ரெண்டு நெல்லு போட்டா போதும். உன் போனுக்கு மாசா மாசம் ரீசார்ஜ் போடணும். அப்புறம் 1972ல வந்த சட்டத்தைக் காட்டி கிளியைக் கூண்டுல அடைக்கக் கூடாதுன்னுட்டாங்க. கிளி தப்பிச்சிடுச்சி, ஜோசியம் மட்டும் மாட்டிக்கினு முழிக்குது.

சரி, அந்தப் படத்தைக் காட்டு. இரு, கண்ணாடி போட்டுக்கறேன். மேல மேகத்துல றெக்கை வெச்ச ஒருத்தர் எக்காளம் ஊதறாரு. கீழ சவப்பெட்டியிலேருந்து ஆம்பளை, பொம்பளை, புள்ளைன்னு எழுந்து கையை விரிச்சிக்கினு நிக்கறாங்க. ஒருத்தர் மேலயும் துணி இல்ல. ஏம்மா, இதுல நீதிபதி எங்க? சாட்சிக் கூண்டு எங்க? தராசும் வாளும் வெச்ச சீட்டு வேற, 11ஆம் நம்பரு. இது 20. பேருதான் தீர்ப்பு. நடக்கறது பூரா படுத்தவங்களை எழுப்பற வேலை.

உன் தம்பிதான் படிச்சிச் சொன்னான். மொத்தம் 78 சீட்டாம். 15ஆம் நூற்றாண்டுல இத்தாலிக்காரங்க இதை வெச்சி சும்மா சீட்டாடினாங்களாம். முந்நூறு வருஷத்துக்கு மேல ஆனப்புறம்தான் பிரான்சுக்காரங்க இதுல எதிர்காலம் தெரியுதுன்னாங்களாம். நீ பாக்கற இந்தப் படத்தை வரைஞ்சது பமீலா கோல்மன் ஸ்மித்துன்னு ஒரு அம்மா, லண்டன்ல 1909ல வெளிவந்துச்சாம். நம்ம ஊர்ல சீட்டாடினா போலீசு புடிக்கும். அங்க ஆடினவங்களுக்கு அருள் வந்திருக்குது.

நீ இன்னா பண்ணே? ஒரு பரீட்சையில கோட்டை வுட்டதுக்கு, "நான் உருப்படாதவ"ன்னு ஆயுள் தண்டனை எழுதிக்கினே. அப்பீலும் கெடையாது. மத்தவங்களுக்கு மட்டும் எரக்கம் காட்டினியா? கிரகப்பிரவேசத்துல மூணாவது வீட்டுக்காரி வெச்ச மொய்க் கவரு நெனப்புல கீதா? பேரு முத்துமுத்தா எழுதியிருந்துச்சி, உள்ள காலி. உங்க பாட்டி அதை ட்யூப் லைட்டுக்கு நேரா தூக்கிப் புடிச்சிப் பாத்தா, நீ பக்கத்துல நின்னு தலையாட்டினே. ரெண்டு ஜட்ஜி பெஞ்சு. அது 2025 மாங்கா சீசன். தோத்தாபுரிக்கு ஃபேக்டரி கிலோவுக்கு 8 ரூபா, கவர்மென்ட்டு 4 ரூபான்னு சொல்லியும், ட்ராக்டருங்க கூழ் ஃபேக்டரி வாசல்ல நாள் கணக்கா நின்னுச்சி. அவ புருஷன் லோடு அங்கேயே அழுகிப் போச்சி. காலிக் கவரை வெச்சிக்கினாவது பந்தியில வந்து உக்காந்தா பாரு, அதுக்கு எம்மாம் தெம்பு வேணும்! சேதி தெரிஞ்சப்புறம் பெஞ்சு தீர்ப்பை வாபஸ் வாங்கிச்சா? கோர்ட்டுக்குக் கோடை லீவு வுட்டுட்டீங்க.

மாங்கான்னதும் காணிப்பாக்கம் நெனப்பு வருது. அந்த வரசித்தி விநாயகர் முன்னால பொய் சத்தியம் பண்ண ஒருத்தரும் துணிய மாட்டாங்க. குடியை வுடறவனும் அங்கதான் போறான், அரசியல்வாதிங்க சவால் வுடறதும் "காணிப்பாக்கத்துக்கு வாடா"ன்னுதான். ஆனா பாரு, எல்லாரும் அடுத்தவனைத்தான் அங்க கூப்புடறாங்க.

அந்தக் கோயில் பக்கத்துல ஓடற பாகுதா ஆத்துக்கு ஒரு கதை கீது. சங்கர், லிகிதர்னு ரெண்டு ரிஷி, அண்ணன் தம்பி. அண்ணன் இல்லாத நேரத்துல தம்பி அவர் தோட்டத்துப் பழத்தைப் பறிச்சித் தின்னுட்டாரு. பாரதத்துல வெறும் பழம்னுதான் வருது, எங்க ஊர்க்காரங்க அதை மாம்பழமாக்கிட்டாங்க. சித்தூர் ஜில்லாவுல வேற எந்தப் பழத்துக்கு மரியாதை? அண்ணன் பாத்துட்டு, "இது திருட்டு, போய் ராஜாகிட்ட தண்டனை வாங்கிக்கோ"ன்னாரு. ராஜா மன்னிக்கத்தான் பாத்தாரு. தம்பி வுடல, தண்டனை வேணும்னு ஒரே புடியா நின்னாரு. ரெண்டு கையும் போச்சி. உன்ன மாதிரிதான், கேட்டு வாங்கிக்கினாரு.

அப்புறம் அண்ணன், "போய் ஆத்துல முழுகு"ன்னாரு. முழுகி எழுந்தா கை ரெண்டும் மொளைச்சிடுச்சி. தம்பி கேட்டாரு: "இந்த சக்தி உனக்கு இருக்குதுல்ல, மொதல்லயே என்னை சுத்தம் பண்ணியிருக்கலாமே?" அண்ணன் சொன்னாரு: "தண்டிக்கற உரிமை ராஜாவோடது, என்னோடது இல்ல." அத்தோட கதை முடிஞ்சிது. நாம அந்தத் தெருவுல இருந்திருந்தா? கை மொளைச்சப்புறமும் "அதோ போறான் பாரு மாங்காத் திருடன்"னு பேரப்புள்ள காலம் வரைக்கும் இழுத்திருப்போம்.

தீர்ப்பு எழுதறதுல காளஹஸ்தி அர்ச்சகர் சிவகோசரியாரும் லேசுப்பட்டவர் இல்ல. தெனம் காலையில வந்தா சாமி மேல கறியும் எலும்பும் கெடக்குது. எவன்டா இந்தப் பாவின்னு மனசு கொதிச்சி, கூட்டித் தள்ளி, கழுவி, மறுபடி பூஜை பண்ணுவாரு. அவர் கோவத்துல தப்பே இல்ல, யாரா இருந்தாலும் கொதிக்கும். ஆனா சாமி கனவுல வந்து, "மறைஞ்சி நின்னு பாரு"ன்னதும் போய் நின்னாரு பாரு, அங்கதான் அவர் பெரிய மனுஷன். அந்தக் கறியைப் படைச்ச வேடன் திண்ணன் தன் கண்ணையே நோண்டி சாமிக்கு அப்பறதை நேர்ல பாத்தாரு. எச்சக் கறியைப் பாத்து எழுதின தீர்ப்பு அந்த எடத்துலயே செல்லாமப் போச்சி. அந்த வேடன்தான் கண்ணப்ப நாயனார். காளஹஸ்தி மலை மேல அவருக்குத் தனிக் கோயிலே கீது. நீயும் உங்க பாட்டியும் மறைஞ்சி நின்னு பாக்கறதுல கெட்டி, ஆனா கண்ணைக் குடுக்கற கட்டம் வர்றதுக்குள்ள சீரியல் டைமாயிடுது.

போதும், ஒரு வெத்தல எடு. சுண்ணாம்பு கம்மியா தடவு.

காணிப்பாக்கம் சித்தூர்லேருந்து பத்து பன்னெண்டு கிலோமீட்டர்தான். பொம்பளைங்களுக்கு இப்போ பஸ்ஸுல டிக்கெட்டு இலவசம். ஞாயித்துக்கிழமை மூணாவது வீட்டுக்காரியைக் கூட்டிக்கினு போய்ட்டு வா. மொய்ப் பேச்சை எடுக்காதே, சத்தியம் கித்தியம் ஒண்ணும் வாங்காதே. ஆதார் கார்டை மட்டும் மறக்காம எடுத்துக்கோ, இல்லன்னா கண்டக்டர் தீர்ப்பு சொல்லிடுவான்.