லென்ஸ் துடைப்பியல்: பாலக்கோட்டு உரை

துடையற்க, துடைப்பின் ஊதித் துடைக்க.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், முகூர்த்த நாளில் பாலக்கோட்டு மண்டபங்களுக்குள் கேமராவோடு நுழைவோர் தம் சட்டை நுனியைத் தொடாதிருக்கும் ஒழுக்கம் உணர்த்துதல் நுதலிற்று. நூற்பாவும் யாம் செய்ததே. ஆகவே பாடபேதம் இல்லை.

'துடையற்க' என்றது என்னை? தக்காளி மார்க்கெட்டுக்குச் சரக்கேற்ற வரும் லாரிகள் கிளப்பும் மண்தூசியில் குவார்ட்ஸ் துகளுண்டு. மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7, கண்ணாடிக்கோ 6-க்குள். ஆகவே சட்டை நுனியால் துடைக்கிறவர் உப்புத்தாள் தேய்க்கிறார் என்க. கண்ணாடிக்கு மேல் எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சு வேறு. 1935-இல் ஜெய்ஸ் நிறுவனத்து ஸ்மாகுலா கண்ட முறை. மக்னீசியம் ஃபுளோரைடில் ஓரடுக்கு என்றால், கனம் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதனிடம் போய் வீரம் காட்டலாமா?

'அழுக்கோடு எடுத்தால் மணமக்கள் முகத்தில் புள்ளி விழாதோ?' என்பது பூர்வபட்சம். விழாது. முன்கண்ணாடியில் ஒட்டிய தூசி ஃபோகஸுக்குள் வருவதே இல்லை. நேர்வெளிச்சத்தில் சற்று வெளிறும், அவ்வளவே. இன்னும் கேளீர்: 1890-களில் இங்கிலாந்தின் டென்னிஸ் டெய்லர், நாட்பட்டு நிறம் மங்கிய லென்ஸ் புதியதைவிட அதிக ஒளியை உள்ளே விடக் கண்டார். நம்மூர் ஸ்டுடியோ அலமாரிகளைப் பார்த்திருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பார். (பூஞ்சை பிடித்த லென்ஸுக்கு இது சான்றாகாது.)

'துடைப்பின்' என்றதனால் விலக்கும் கொள்ளப்படும். விரல்ரேகை, சந்தனம், அட்சதையின் மஞ்சள் ஆகிய மூன்றும் ஊதினால் போகா. அவற்றைத் துடைக்குமுன் தூசி போக, லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து ரப்பர் புளோயரால் ஊதுக. வாயால் ஊதற்க, பந்தியில் உண்டது எல்லாம் எச்சிலோடு வந்து ஒட்டும். பின்பு மெல்லிய பிரஷ். அதன்பின்பே சுத்தமான மைக்ரோஃபைபர் துணியில் லென்ஸ் திரவம் ஒரு சொட்டு விட்டு, நடுவிலிருந்து விளிம்புக்கு வட்டமாகத் துடைக்க. சொட்டு துணியில்தான், லென்ஸில் விட்டால் விளிம்பு வழியே உள்ளே இறங்கிவிடும். வெள்ளிக் குத்துவிளக்கை விபூதி துலக்கும் என்பது உண்மையே, இங்கே அது செல்லாது.

கல்யாண வீட்டு மாமன்மாருக்கு ஒரு விண்ணப்பம்: "கண்ணாடி மங்கலா இருக்கே தம்பி" என்று தோள்துண்டை நீட்டாதீர்கள்.