நச்சு நீக்கத் துரையவர்கள் சமூகத்துக்கு

ஈப்போ பேரங்காடி ஒன்றின் கீழ்த்தளத்தில் கண்ணாடி மேசை போட்டு வீற்றிருக்கும், பச்சை இலையைச் சின்னமாகத் தரித்த, 99.9 சதவீதம் இயற்கையான அழகுப்பொருள் நிறுவனத்தின் பெரிய துரையவர்கள் சமூகத்துக்கு, புந்தோங் பெரியம்மாவின் பொருட்டுப் பணிந்து சமர்ப்பிக்கும் விண்ணப்பம்.

பெரியம்மா எழுதத் தெரியாதவர் அல்லர். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்து, கிராணியார் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கும் அளவுக்குத் தேறியவர். இப்போதைக்கு இமைகள் இரண்டும் வீங்கியிருப்பதால் எழுத்து வேலை தங்கை மகனிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

முதலில் நன்றி. துரையவர்களின் மேசைமேல் இருக்கும் இயந்திரம் பெரியம்மாவின் கன்னத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, 63 வயது முகத்தின் தோலுக்கு 74 வயது என்று கண்டுபிடித்தது. அடுத்த நொடியே 189 ரிங்கிட்டுக்கு அதற்கான பரிகாரமும் கிடைத்தது. பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்குள் பதினோரு வயதாவது குறையட்டும் என்று பூசினார். சில நாளில் கன்னம் சிவந்து, தடித்து, நீர் கோத்தது. புலனத்தில் படம் எடுத்து அனுப்பினார். துரையவர்களின் ஆலோசகர் தங்கச்சியிடமிருந்து பதில் குரல்பதிவாக வந்தது. வந்த நேரம், மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். கைப்பேசியின் சத்தத்தைக் குறைக்கும் வித்தை பெரியம்மாவுக்குத் தெரியாது.

“ஆன்ட்டி, பயப்படாதீங்க. இது அலர்ஜி இல்ல. உள்ள இருக்கிற நச்சு வெளிய வருது. எஸ்டேட்ல மருந்து அடிச்சேன்னு சொன்னீங்கல்ல? அந்த நச்சுதான். இன்னும் ரெண்டு டப்பா விடாம போடுங்க, சுத்தமாயிடும்.”

சம்பந்தியம்மாள் கையிலிருந்த முறுக்கைத் தட்டில் திருப்பி வைத்தார்.

அன்று முதல் துரையவர்களின் தத்துவத்தின் ஆழம் குடும்பத்தாருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கிவருகிறது. சுருக்குப்பையிலிருந்து 189 ரிங்கிட் வெளியேறியதே, அது முதல் நச்சு. மாப்பிள்ளை வீட்டார் காப்பி குடிக்காமல் கிளம்பினார்களே, அது இரண்டாவது. பெரியம்மாவின் தூக்கம் மூன்றாவது. இந்த வேகத்தில் போனால் தீபாவளிக்குள் வீடே சுத்தமாகிவிடும்.

இந்தத் தத்துவத்தின் அழகு என்னவென்றால், இது தோற்கவே தோற்காது. முகம் பளபளத்தால் கிரீமின் மகிமை. முகம் வெந்தால், உள்ளே இருந்த அழுக்கின் மேல் கிரீம் தொடுத்த போர். குணமானாலும் வெற்றி, கொப்புளித்தாலும் வெற்றி, இரண்டுக்கும் விடை அடுத்த டப்பா. குற்றவாளி எப்போதும் வாங்கியவரின் உடம்பு. தோட்டத்துத் துரைமார்கூட இவ்வளவு தூரம் யோசித்ததில்லை. மரத்தில் பால் குறைந்தால் வெட்டியவளைத் திட்டுவார்களே தவிர, அதற்காக அவளிடம் இன்னொரு உளியை விற்கவில்லை.

ஒரு சின்னச் சந்தேகம். பூசிய தொடக்கத்தில் பரு கிளம்பிப் பிறகு அடங்குவது சில பொருள்களில் உண்டு என்று தோல் மருத்துவர்களே சொல்கிறார்கள். டிரெட்டினோயின் அப்படிப்பட்டது. ஆனால் டிரெட்டினோயின் மருத்துவர் எழுதிக் கொடுத்து வாங்கவேண்டிய மருந்து. மலேசியாவில் அழகுப்பொருளில் அதைச் சேர்க்கக் கூடாது. ஆகவே ‘முதலில் கிளம்பும், பிறகு அடங்கும்’ என்று துரையவர்கள் சொல்வது உண்மையென்றால் அது ஒப்புதல் வாக்குமூலம். பொய்யென்றால் வெறும் பொய். இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது சமூகத்தின் சித்தம்.

நச்சை வெளியேற்றும் வேலை உடம்பில் யாருடையது என்பதும் கேட்கத்தக்கது. கன்னத்துடையது அல்ல. கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளம் வாங்காமல் பார்த்துவரும் வேலை அது. கேரளத்தில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனை, 2021 நடுவிலிருந்து 2023 வரை வந்த சிறுநீரக நோயாளிகளைக் கவனித்தது. சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒரு நோயோடு வந்தவர்கள் 22 பேர். அவர்களில் 15 பேருக்கு அதிலும் அபூர்வமான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர், நோய் தொடங்குமுன் சிவப்பழகுக் கிரீம் பூசியவர்கள். சந்தேகம் பாதரசத்தின் மேல் விழுந்தது. பூசுவதை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். நச்சை வெளியே அனுப்பும் உறுப்பையே போய்ப் பிடிக்கும் கிரீமுக்குப் பரிகாரம், அதைத் தூக்கிப் போடுவதுதான்.

பாதரசம் பூமியிலிருந்து தோண்டி எடுப்பது. நூற்றுக்கு நூறு இயற்கை.

இனி எஸ்டேட் மருந்தைப் பற்றி. பெரியம்மா முதுகில் பம்பைச் சுமந்து தெளித்தது பாராகுவாட். 1962இல் சந்தைக்கு வந்த களைக்கொல்லி. தோட்டங்களில் கிரமாக்சோன் என்றால் எல்லாருக்கும் தெரியும். தெளித்த பெண்களுக்கு நகம் கருத்தது, மூக்கில் இரத்தம் வடிந்தது, தோல் புண்ணானது. தோட்டப் பெண்களின் இந்தக் கதைகளைத் தெனாகானித்தா என்ற உரிமை அமைப்பு திரட்டி 2002இல் அறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் தடையை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1 அன்று. உடம்புக்குள் போகும் பாராகுவாட்டின் பெரும்பகுதியைச் சிறுநீரகம் சில நாளிலேயே வெளியே தள்ளிவிடும். அதற்குள் அது செய்த சேதம்தான் தங்கும். முப்பது வருடம் கன்னத்துக்குள் பதுங்கியிருந்து, 189 ரிங்கிட் கிரீமின் குரல் கேட்டதும் எழுந்து வருகிற பாராகுவாட் உலகத்தில் எங்கும் கிடையாது. கையுறை கேட்டவளுக்குக் கையுறை கொடுக்காமல் தெளிக்கச் சொன்னார்கள். தடை வருவதற்குள் அவள் தோட்டமே செம்பனையாகிவிட்டது. அவள் அழுது முடித்த அந்தக் காலத்தை எடுத்து, அவள் சம்பந்திமார் முன்னால் விரித்து, அதைச் சாக்காக வைத்து இரண்டு டப்பா விற்கப் பார்ப்பது என்ன பிழைப்பு? வெட்கம் கெட்ட பிழைப்பு.

மன்னிக்க வேண்டும். துரையவர்கள் சமூகத்தில் குரல் உயர்ந்துவிட்டது. உள்ளே இருந்த நச்சு வெளியேறிவிட்டது போலும். சுத்தமாயிற்று, மேலே செல்லலாம்.

‘இயற்கையானது என்பதால் தீங்கில்லை’ என்று டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கிறது. பேராக்காரர்களிடம் இதைச் சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும். 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்றைக் கோலகங்சாரில் இன்னும் காட்டுகிறார்கள். பால்மரத்துப் பாலைவிட இயற்கையான பொருள் இந்த மாநிலத்தில் எது? அந்தப் பாலில் இருக்கும் புரதத்தால் ஒவ்வாமை வந்து, ரப்பர் கையுறை அணிந்த மருத்துவர்களும் தாதியரும் உலகமெங்கும் அவதிப்பட்டார்கள். அந்தப் புரதத்தைக் காற்றில் பறக்கவிட்ட பொடி தடவிய கையுறைகளை அமெரிக்கா 2017இல் தடைசெய்தது. பாலை உறையவைக்க ஸ்டோரில் ஊற்றிய ஃபார்மிக் அமிலம் எறும்பின் உடம்பிலும் உண்டு. கையில் தெறித்துப் பார்த்தவர்கள் புந்தோங்கில் இன்னும் இருக்கிறார்கள், கேட்டால் தழும்பைக் காட்டுவார்கள். வீட்டு வைத்தியமும் இந்தக் கணக்கில் சேர்த்தி. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் துணி காயப்போடப் போனால், சாறு வழிந்த தடமெல்லாம் வெந்து கறுக்கும். அதிலுள்ள சில பொருள்கள் வெயிலோடு சேர்ந்து செய்யும் வேலை அது.

டப்பாவின் முன்பக்கம் சோற்றுக்கற்றாழைப் படம். பின்பக்கத்தை மருமகளின் கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் வேறு கதை. பொருள்களை அளவு கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும். ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எப்படியும் எழுதலாம். முதலில் இருப்பது தண்ணீர். கற்றாழை எங்கே என்று தேடினால் பீனாக்சிஎத்தனால் என்ற பதப்படுத்தும் பொருளுக்கும் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. பீனாக்சிஎத்தனாலுக்குச் சட்டம் கொடுத்த உச்சவரம்பே ஒரு சதவீதம். அப்படியானால் படத்தில் டப்பா முழுக்க விரிந்து நிற்கும் கற்றாழை, உள்ளே ஒரு சதவீதத்தைத் தாண்டவில்லை. மற்றதெல்லாம் எங்கே போயிற்று? வெளியேறிவிட்டது.

99.9 கணக்குக்கும் வழி இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 16128 என்னும் வழிகாட்டியின்படி தண்ணீரையும் இயற்கைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஈப்போ குழாய்த் தண்ணீர் இயற்கைதான், யார் மறுத்தது? ஐரோப்பாவின் காஸ்மோஸ் ஆர்கானிக் முத்திரை கொஞ்சம் கறார். தண்ணீரை ஆர்கானிக் என்று எண்ண அது விடாது. பூசி விட்டுவிடும் பொருளில் மொத்த எடையில் 20 சதவீதமாவது ஆர்கானிக் விளைச்சலாக இருக்கவேண்டும் என்று கேட்கும். துரையவர்களின் டப்பாவில் அந்த முத்திரை இல்லை. இலை மட்டும் இருக்கிறது. இலை வரைய யாரும் அனுமதி கேட்பதில்லை.

டப்பாவின் கடைசி வரியில் வாசனைப் பொருள், லிமோனீன், லினலூல், சிட்ரால். லிமோனீனும் லினலூலும் ஆரஞ்சுத் தோலிலும் லாவெண்டரிலும் இருப்பவை. காற்றுப்பட்டுப் பழசானால் ஒவ்வாமை தருவதில் பேர்போனவை. பக்கத்திலேயே பெருமையாக ‘பாராபென் இல்லை’. பதப்படுத்தும் பொருளான பாராபென் மேல் பழி விழுந்ததும் உலகத்து நிறுவனங்கள் பல அதைத் துரத்திவிட்டு மெத்தில்ஐசோதயசோலினோனைக் கூப்பிட்டு உட்காரவைத்தன. வந்ததும் அது ஒவ்வாமையைக் கிளப்பியது. அமெரிக்கத் தொடுதோலழற்சி மருத்துவர் சங்கம் 2013இல் அதற்கு அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள் என்ற பட்டத்தையே கொடுத்தது. அதே சங்கம் 2019இல் பாராபெனுக்குக் கொடுத்த பட்டம், அந்த ஆண்டின் ஒவ்வாமை இல்லாத பொருள். பாவம் பாராபென், நச்சென்று சொல்லி வெளியேற்றப்பட்டவர்களில் அதுவும் ஒன்று.

ஆலோசகர் தங்கச்சி கடைசியாக எடுத்த ஆயுதம், “ஆன்ட்டி, இது கே.கே.எம். பாஸ்.” கே.கே.எம். என்றால் சுகாதார அமைச்சு. 2008 ஜனவரி 1 முதல் மலேசியாவில் அழகுப்பொருள் எல்லாவற்றையும் சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்தக ஒழுங்குமுறை முகமையிடம் அறிவித்துவிட்டுத்தான் விற்கவேண்டும். என்.ஓ.டி. என்று தொடங்கி கே-யில் முடியும் எண் அதற்குரியது. ‘இதை விற்கப்போகிறேன், பாதுகாப்புக்கு நானே பொறுப்பு’ என்று விற்பவர் சொன்னதைப் பதிந்துகொண்ட எண் அது. யாரும் பரீட்சை வைத்து பாஸ் போடவில்லை. சோதனை பெரும்பாலும் பொருள் கடைக்கு வந்த பிறகு. அப்படிச் சோதித்து, பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் டிரெட்டினோயினும் பீட்டாமெத்தசோன் வேலரேட்டும் அகப்பட்ட கிரீம்களின் அறிவிப்பை முகமை ரத்து செய்து, பெயர்களை வெளியிட்டு வருகிறது. அந்த எண்ணை முகமையின் இணையத் தேடலில் போட்டால் பொருளின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வரும். துரையவர்களின் டப்பாவில் இருக்கும் எண்ணைப் போட்டபோது ஒரு சோப்பு வந்தது. இயந்திரத்துக்கும் நச்சு ஏறியிருக்கலாம்.

கடைசியில் பெரியம்மா அரசாங்கக் கிளினிக்குக்குப் போனார். மருத்துவர் கிரீமை நிறுத்தச் சொன்னார், தோல் பிரிவுக்கு எழுதிக்கொடுத்தார், டப்பாவைத் தூக்கி எறியாமல் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார். இனி எது வாங்கினாலும், இலை போட்டதோ போடாததோ, முழங்கை மடிப்பில் காசளவு இடத்தில் காலையும் மாலையும் ஏழு முதல் பத்து நாள் பூசிப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குப் போகவேண்டும் என்றார். உங்கள் உடம்பில் நச்சு என்று அவர் சொல்லவில்லை. படித்தவர்.

இதற்கிடையில் துரையவர்களின் அலுவலகத்திலிருந்து இன்னொரு செய்தி: பெரியம்மாவுக்குப் புந்தோங்கில் பழக்கம் அதிகம் என்பதால் 30 சதவீத கமிஷனில் ஏஜெண்டாகச் சேரலாமாம். பெரியம்மா யோசித்தார். சேர மூன்று நிபந்தனை வைத்திருக்கிறார். ஒன்று, வாங்க வருபவர்கள் முழங்கை மடிப்பில் பூசிப் பார்த்துவிட்டு வந்தால்தான் காசு வாங்குவார். இரண்டு, வீங்கினால் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு, முகமைக்குப் புகார் எழுத அவரே பாரம் நிரப்பிக் கொடுப்பார். மூன்று, அந்தக் குரல்பதிவைச் சம்பந்தி வீட்டாருக்குத் துரையவர்களே நேரில் போய் விளக்க வேண்டும்; பலகாரச் செலவு நிறுவனத்துடையது.

சம்மதமில்லை என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் பார்க்கலாம். 50,000 ரிங்கிட் வரை வழக்கு எடுக்கிறார்கள், பதிவுக்கு 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. பதிலை எழுத்தில் அனுப்புமாறு பெரியம்மா கேட்டுக்கொள்கிறார். குரல்பதிவு வேண்டாம்.