வான்வழி அப்பா

மலையகத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் வான்வழி அப்பாவைச் சந்திக்கலாம். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் ஏ7 வீதியில் கொட்டகலை, பத்தனை, தலவாக்கலை, லிந்துலை என்று எங்கே இறங்கி விசாரித்தாலும் "அவரா? காலையிலேயே வலயத்துக்குப் போயிட்டாரே" என்பார்கள். வலயம் என்றால் வலயக் கல்விப் பணிமனை. சட்டைப் பையில் இரண்டு பேனா, கக்கத்தில் பிளாஸ்டிக் ஃபைல். ஃபைலுக்குள் வாக்காளர் இடாப்பின் பிரதி, கிராம சேவகரின் கடிதம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். எல்லாவற்றுக்கும் அடியில், நான்காக மடித்த ஒரு வரைபடம். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

அந்த வட்டம்தான் அவருடைய வாழ்க்கை. முதலாம் தரத்தில் பிள்ளையைச் சேர்ப்பதற்கான சுற்றறிக்கையை அவர் திருப்புகழ் மாதிரி மனப்பாடம் செய்திருக்கிறார். நூற்றுக்கு 50 இடம் அருகில் குடியிருப்போருக்கு, 25 இடம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 இடம் ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளைகளின் உடன்பிறப்புகளுக்கு. வீட்டிலிருந்து பாடசாலை வரை வான்வழியாக அளந்து, வீட்டை மையமாக வைத்து வட்டம் கீறுவார்கள். அந்த வட்டத்துக்குள் வேறு பாடசாலை இருந்தால், ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழியும்.

கொழும்பில் இருந்து வட்டம் போட்டவர்கள் மலையைப் பார்த்ததில்லை என்பது அவருடைய முதல் குற்றச்சாட்டு. அதில் நியாயம் இருக்கிறது. லயத்து வாசலில் நின்றால் எதிர்மலையில் பாடசாலைக் கூரை மின்னும். மணி அடித்தால் கேட்கும். போவதென்றால் ஆற்றுக்கு இறங்கி, பாலத்தைக் கடந்து, தொழிற்சாலையைச் சுற்றி, மூன்று வளைவு ஏறி, மழை நாளில் மண் சரியாமல் இருந்தால் போய்ச் சேரலாம். "நான் கேட்டேன் சேர், எம் புள்ளைய சேர்க்கிறீங்களா, காக்காவைச் சேர்க்கிறீங்களான்னு" என்று அவர் சொல்லும்போது கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

இரண்டாவது குற்றச்சாட்டு, உறுதிப் பத்திரம். பாட்டன் காலத்திலிருந்து குடியிருக்கிற காம்பராதான், ஆனால் அது தோட்டத்துக்குச் சொந்தம். டவுனில் போன வருடம் வீடு வாங்கியவர் உறுதியை நீட்டுகிறார். இவர் மூன்று தலைமுறையை நீட்டுகிறார். மூன்று தலைமுறைக்கு எத்தனை புள்ளி என்று சுற்றறிக்கையில் எங்கேயும் இல்லை.

பழைய மாணவர் ஒதுக்கீட்டைப் பற்றி மட்டும் பேச்சை எடுக்காதீர்கள். 1945இல் நாட்டுக்கே இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகளை வெளியே விட்டுவிட்டார்கள். அரசாங்கம் அவற்றைப் பொறுப்பெடுக்க எழுபதுகள் வரை ஆனது. அதுவரைக்கும் ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு. அவருடைய அப்பா அந்தக் கொட்டகையின் பழைய மாணவர். "அதுக்கு 25 வீதம் குடுப்பாங்களா?" என்பார். எனக்குத் தெரிந்த ஆள் யாரிடமாவது கேட்டுச் சொல்லலாம் என்று பார்த்தால், தெரிந்த ஆட்களுடைய அப்பாக்களும் அதே மாதிரிக் கொட்டகைகளின் பழைய மாணவர்கள்தான்.

இப்படிப்பட்டவர், பக்கத்திலேயே ஒரு உயர்தரப் பாடசாலை வருகிறது என்றால் சும்மா இருப்பாரா? பதினோராம் தரத்தோடு நிற்கிற பாடசாலையை உயர்தரம் வரை உயர்த்தி, ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை எல்லா வகுப்பும் வைத்து, புதிய கட்டிடத்தில் திறக்க வேண்டும் என்று மகஜர் எழுதியவரே அவர்தான். அதற்கு அவர் ஏறாத படி கிடையாது. எந்தத் தோட்டப் பிள்ளைகள் அங்கே போவது, எல்லை எது என்று தீர்மானிக்கப் பெற்றோர் கூட்டம். மாலை நாலரைக்கு, கொழுந்து நிறுத்த பிறகு.

கூட்டத்தில் எல்லோரும் ஒரே கருத்து: பாடசாலை நடுவில் இருக்க வேண்டும். நடு எது என்பதில்தான் சின்ன வித்தியாசம். மேல்கணக்குக்காரர்களுக்கு நடு, மேல்கணக்கு மைதானம். கீழ்க்கணக்குக்காரர்களுக்கு நடு, கோயிலுக்குப் பக்கத்து வெற்றிடம். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த தலைவர், தங்கள் தோட்டம் இல்லாமல் நடு என்பதே கிடையாது என்றார். ஆறுதான் எல்லை என்று ஒருவர் சொல்ல, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெண் கொடுத்தவர் எழுந்து சண்டைக்குப் போனார். வான்வழி அப்பா வரைபடத்தை மேசையில் விரித்து, கவராயத்தை எடுத்தார். மூன்று வட்டம் கீறினார். மூன்றும் சந்திக்கிற இடம் துரை பங்களாவின் பூந்தோட்டத்தில் விழுந்தது. அதிபர் இருமினார்.

பின்வரிசையில் படங்கை அவிழ்க்காமல் நின்றிருந்த அக்கா ஒருத்தி கேட்டாள்: "ஐயா, எங்க வேணும்னாலும் கட்டுங்க. ஏ.எல்.லுக்குக் கணக்குப் பாடம் படிச்சுக் குடுக்க ஆள் வருமா?"

கணித, விஞ்ஞான ஆசிரியர் தட்டுப்பாடு தோட்டப் பாடசாலைகளுக்குப் பரம்பரை நோய். பக்கத்தில் பத்தனையிலேயே ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி இருந்தும் அது தீர்ந்தபாடில்லை. அதிபர், வலயத்துக்கு அறிவித்திருப்பதாகச் சொன்னார். அக்கா தலையாட்டினாள். உடனே கூட்டம் பாடசாலைக்கு என்ன பெயர் வைப்பது என்பதற்குத் தாவி, அங்கே ஒரு மணி நேரம் தங்கியது. கழுத்துப்பட்டியின் நிறத்துக்கு அரை மணி நேரம். தேநீரும் ரோல்ஸும் வந்தபோதுதான் சமாதானம் வந்தது.

வான்வழி அப்பாவுடைய மூத்த மகன் எங்கே படிக்கிறான் என்று கேட்பது பண்பல்ல. ஆனாலும் சொல்கிறேன்: ஹட்டனில். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளி தாண்டிப் போனவன். விடிகாலை ஐந்தரைக்கு வேன். ஹைலன்ட்ஸ், ஜோன் பொஸ்கோ, கபிரியேல் என்று ஒவ்வொரு வாசலிலும் பிள்ளைகளை உதிர்த்துக்கொண்டு போகிற வேன். 2016இல் அரசாங்கம் 'அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை' என்று ஒரு திட்டம் கொண்டுவந்ததே, அதை அவர் முழு மனதோடு வரவேற்றவர். மற்றவர் பிள்ளைகளுக்கு அது மிகவும் பொருத்தம் என்பது அவருடைய அபிப்பிராயம்.

சிக்கல் கூட்டம் முடிந்த இரவில் வந்தது. இளையவளுக்கு ஜனவரியோடு ஐந்து வயது. ஹட்டனுக்கு விண்ணப்பம் தயார். அண்ணன் ஆறாம் தரத்துக்குத்தான் போனவன், ஆனாலும் உடன்பிறப்பு என்று ஒரு பிடி இருக்கிறது. அது வழுக்கினால் தூரத்துக்கான புள்ளி கைகொடுக்கும். அப்படிக் கணக்குப் போட்டவர் சும்மா ஒரு முறை வட்டத்தைப் பார்த்தார். இடையில் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்று ஏற்கெனவே புள்ளி தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறது. புதியது முதலாம் தரத்தோடு திறந்தால், அதுவும் சிவப்பு வட்டத்துக்கு உள்ளே வரும். தாமே மகஜர் எழுதி, தாமே கையெழுத்துச் சேர்த்து, தம் மகளுடைய புள்ளியைத் தாமே கழித்திருக்கிறார்.

மறுநாள் அதிபரின் அறையில் அவரைக் கண்டேன். கையில் புது மகஜர்.

"சேர், பாடசாலை கட்டாயம் வரணும். அதுல மாற்றுக் கருத்துக்கு இடமே இல்ல."

"நல்லதுங்க."

"ஆறாம் தரத்திலேருந்து மட்டும் தொடங்கினா என்ன? சின்னப் புள்ளைங்க பாவம், அந்த ஏத்தம் ஏறணுமே."

அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன மகஜர்ல முதலாம் தரம் கட்டாயம் வேணும்னு எழுதியிருந்தீங்களே?"

"அது போன வருஷம் சேர். மூணு வருஷத்துல முதலாம் தரத்தையும் திறக்கச் சொல்லி மறுபடியும் எழுதுவோம். அதையும் நானே எழுதித் தாரேன். ஒரு கையெழுத்து மட்டும் இங்க போடுங்க."